அம்மம்மா படுக்கிற அறைக்கு ஒரு கூலர்

இந்தக் கிழமை எபிசோடில் புரொசெசர் கூலர் பற்றி நாலு நிமிஷம்தான் கதைக்கக் கிடைச்சது. "சத்தம் வேண்டாம் எண்டால் தண்ணிக் கூலருக்குக் காசு குடுக்காதேங்கோ" என்று நான் சொன்னதுக்கு இன்பொக்ஸில் கனபேர் சண்டைக்கு வந்திருக்கிறீங்கள். நல்லது. அதுக்குப் பின்னால இருக்கிற கணக்கை இங்க எழுதுறன்.

உதாரணத்துக்கு வீட்டில நடந்ததையே எடுப்பம். என்ர சித்தியின்ர மகள் லண்டனில் ஆர்க்கிடெக்சர் படிக்கிறாள், இரண்டாம் வருஷம். ஹாரோவில மூண்டு அறை வீடு. அவளுக்கும் அம்மம்மாவுக்கும் ஒரே அறை. அம்மம்மா ஒன்பதரைக்குப் படுத்திடுவா. இவளுக்கு ரெண்டர் வேலை தொடங்கிறதே பத்து மணிக்குப் பிறகுதான். பழைய லப்டொப் ரெண்டர் போடத் தொடங்கினால், "உதென்ன பிள்ளை, ஹெலிகொப்டரே ஓடுது?" என்று இருட்டுக்குள்ள இருந்து குரல் வரும். அதனால பாதி ரெண்டரை நிப்பாட்டிப்போட்டு, விடிய எழும்பி கம்பஸ் லாபில் இடம் பிடிக்க ஓடுறதுதான் அவளின்ர வழமை.

சுப்பர்மார்க்கெட் வேலையில சேர்த்த காசில டெஸ்க்டொப் ஒன்று கட்டப் போறன் என்று வட்ஸ்அப்பில் லிஸ்ட் அனுப்பினாள். ரைசன் 7 7700 புரொசெசர். அதுக்கு மூண்டு ஃபேன் வைச்ச தண்ணிக் கூலர், 110 பவுண்ஸ். ஏன் என்று கேட்டன். "தண்ணி எண்டால் சத்தமே வராது எண்டு யூடியூப்ல எல்லாரும் சொல்லுறாங்கள், அண்ணா."

சத்தம் எங்கயிருந்து வருது என்று முதல்ல பாருங்கோ. எந்தக் கூலர் என்றாலும் கடைசியில சூட்டை வெளியில தள்ளுறது ஃபேன்தான். தண்ணி செய்யிறது சூட்டைப் புரொசெசரில இருந்து ரேடியேட்டருக்குக் கொண்டு போறது மட்டும். காத்துக் கூலரில அதே வேலையைச் செப்புக் குழாய்கள் செய்யுது. அந்தக் குழாய்க்குள்ளயும் கொஞ்சம் திரவம் இருக்கு. சூட்டில ஆவியாகி மேல போய், குளிர்ந்து, திரும்ப வரும். அதுக்கு மோட்டர் இல்லை, அதனால சத்தமும் இல்லை. தண்ணிக் கூலரில ஃபேனுக்கு மேலதிகமாக ஒரு பம்ப் இருக்கு. கொம்பியூட்டர் ஒன்றும் செய்யாமல் சும்மா இருந்தாலும் அது ஓடிக்கொண்டுதான் இருக்கும். இராத்திரியில ஒரு சின்ன அறையில, மெல்லிசான "ங்ங்ங்" ஒன்று விடாமல் கேட்டால் எப்படி இருக்கும் என்று யோசிச்சுப் பாருங்கோ.

அடுத்தது, இதில் ஆகப் பிரயோசனமான கணக்கு. ஃபேன் சுத்துற வேகத்தை அரைவாசியாக்கினால் சத்தம் சுமார் 15 டெசிபல் குறையும். 10 டெசிபல் குறைஞ்சாலே காதுக்கு அரைவாசி மாதிரித்தான் கேட்கும். ஆனால் ஒரே மாதிரி இரண்டு ஃபேன் போட்டால் கூடுறது 3 டெசிபல்தான். அப்ப வேகமாகச் சுத்துற ஒரு சின்ன ஃபேனை விட, ஆறுதலாகச் சுத்துற இரண்டு பெரிய ஃபேன் எவ்வளவோ அமைதி. ஆறுதலாகச் சுத்தினாலும் போதும் என்று இருக்க வேணுமென்றால், காத்துப் போற தகடு நிறைய இருக்க வேணும். நீங்கள் காசு குடுக்கிறது அந்தத் தகட்டுக்கும் குழாய்க்கும்தான். லைட்டுக்கு இல்லை.

ரைசன் 7 7700 பெட்டிக்குள்ள ரெய்த் பிரிஸம் என்ற கூலர் இலவசமாக வருது. அதைப் போட்டால் வேலை நடக்கும், புரொசெசருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் தகடு கட்டை, ஃபேன் சின்னது. மணித்தியாலக் கணக்காக ரெண்டர் ஓடினால் அது வேகமாகச் சுத்தித்தான் ஆகவேணும். தனி அறையில ஹெட்செட் போட்டு கேம் விளையாடுற ஆள் என்றால், காசை மிச்சம் பிடியுங்கோ, அதுவே போதும் என்று சொல்லுவன். அம்மம்மா பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கிற இடத்துக்கு அது சரிவராது.

நான் சொன்னது தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ. பேரைப் பார்த்து விலகிப் போகாதேங்கோ, இந்தத் துறையில எல்லாருக்கும் இப்படித்தான் பேர் வைக்கிற பழக்கம். இரட்டைக் கோபுரம், ஆறு குழாய், 120 மில்லிமீட்டர் ஃபேன் இரண்டு. ஃபேனின்ர உச்ச வேகமே 1550 சுற்றுத்தான். இங்க 35 பவுண்ஸ் அளவில கிடைக்குது. அதே கொம்பனியின்ர பாண்டம் ஸ்பிரிட் 120 எஸ்இயில் ஏழு குழாய், விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. எது மலிவாகக் கிடக்குதோ அதை எடுங்கோ.

நொக்டுவா வேண்டாமோ என்று கேட்பீங்கள். ஒஸ்திரியாக் கொம்பனி, அந்த மண்ணிற ஃபேன்காரர். பொருள் உண்மையிலயே நல்லது. ஆறு வருஷ வொரன்ரி, புதுச் சொக்கெட் வந்தால் பில்லைக் காட்டினால் பொருத்துற கிட்டையும் அனுப்புவினம். 2014இல் வந்த என்எச்-டி15ஐ இண்டைக்கும் ஏஎம்5 போர்டில பூட்டலாம். பத்து வருஷம் வைச்சிருக்கப் போற ஆளுக்கு அது கணக்குச் சரி. பழசாக மலிவுக்குக் கிடைச்சாலும் யோசிக்காமல் வாங்கலாம், உலோகத்துக்கு வயசு போறதில்லை. ஆனால் 88 வாட்டுக்கு மேல எடுக்காத 7700க்கு 100 பவுண்ஸ் குடுக்கிறதில எனக்கு உடன்பாடு இல்லை. அந்தக் காசை மெமரிக்குப் போடு என்று தங்கச்சிக்குச் சொன்னன்.

அந்த 88ஐக் கவனியுங்கோ. அமைதியான கொம்பியூட்டர் கூலரில தொடங்கிறதில்லை, புரொசெசரில தொடங்குது. 7700எக்ஸ் 142 வாட் வரை எடுக்கும், வேகத்தில கிடைக்கிறது கொஞ்சம்தான் கூட. ஏற்கெனவே எக்ஸ் வாங்கிவிட்டால் பயோஸில் ஈகோ மோட் போட்டு 88க்குக் கொண்டு வரலாம். இன்டெல் 14900கே மாதிரி 253 வாட் குடிக்கிற ஆளுக்குத்தான் பெரிய தண்ணிக் கூலர் நியாயம். அதோட, எந்தக் கூலர் போட்டாலும் 88 வாட் சூடு உங்கட அறைக்குள்ளதான் வந்து சேரும். கூலர் அறையைக் குளிராக்காது.

பூட்டி முடிஞ்ச பிறகும் பாதி வேலை இருக்கு, அதைத்தான் கனபேர் செய்யிறதில்லை. மதர்போர்ட் ஃபேனைப் பழக்கி வைச்சிருக்கிற விதம் சரியான பதட்டம். ஒரு பிரவுசர் திறந்தால் புரொசெசர் ஒரு நொடிக்குச் சூடாகும், உடனே ஃபேன் "வ்வூம்" என்று ஏறி இறங்கும். ஒரே சீரான சத்தத்தில மனிசர் நித்திரை கொள்ளுவினம். ஏறி இறங்கிற சத்தம்தான் எழுப்பிவிடும். பயோஸுக்குள்ள போங்கோ: அசூஸில் கியூ-ஃபேன், எம்எஸ்ஐ, கிகாபைட்டில் ஸ்மார்ட் ஃபேன் என்று இருக்கும். நாங்கள் போட்டது இதுதான்: 60 டிகிரி வரைக்கும் 600 சுற்று, 75இல் 900, 85 தாண்டினால்தான் 1200. வேகம் மாற முதல் சில நொடி பொறுக்கச் சொல்லுற ஒரு செட்டிங்கும் இருக்கும், அதையும் கூட்டிவிடுங்கோ.

"75 டிகிரியோ, பழுதாகாதோ?" என்று சித்தப்பா கேட்டார். இந்தத் தலைமுறை ரைசன் 95 டிகிரி வரை தாங்கிறதுக்கென்றே செய்தது. அதைத் தொட்டால் தானாகவே வேகத்தைக் குறைச்சுக்கொள்ளும். 55இல் வைச்சிருந்தால் ஒருவரும் பரிசு தரப் போறதில்லை. அந்த இடைவெளியைக் குடுத்துத்தான் நாங்கள் அமைதியை வாங்கிறம்.

வாங்க முதல் கட்டாயம் பார்க்க வேண்டியது உயரம். பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ 155 மில்லிமீட்டர், என்எச்-டி15 165. உங்கட கேஸின்ர விபரத்தில கூலருக்கு எவ்வளவு உயரம் என்று போட்டிருக்கும். தங்கச்சியின்ர கேஸில் 160. ஐந்து மில்லிமீட்டர் மிச்சம், மூடி பூட்டினது. உயரமான மெமரி என்றால் முன் ஃபேனைக் கொஞ்சம் மேல தூக்கிப் பூட்ட வேண்டிவரும், அந்த உயரத்தையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கோ. பெட்டியில எழுதியிருக்கிற டெசிபலை நம்பி இரண்டு கொம்பனியை ஒப்பிடாதேங்கோ. ஆளாளுக்கு அளக்கிற விதம் வேற.

பூட்டேக்க கூலரின்ர அடியில ஒட்டியிருக்கிற பிளாஸ்ரிக் தாளை உரிச்சுவிடுங்கோ. பேஸ்ட் நடுவில ஒரு கடலை அளவு போதும். ஸ்குரூ இரண்டையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கோ. ஃபேனில ஸ்டிக்கரும் தாங்கிக் கம்பியும் தெரியிற பக்கத்தாலதான் காத்து வெளியில வரும். அந்தப் பக்கம் கேஸின்ர பின்பக்கத்தைப் பார்க்க வேணும்.

இப்ப ரெண்டர் இராத்திரி முழுக்க ஓடுது. 72, 73 டிகிரியில் நிற்குது. மேசைக்குக் கிட்டப் போனால் காத்துப் போற சத்தம் மாதிரி ஒன்று கேட்கும், கட்டிலில கேட்காது. அம்மம்மாவின்ர இப்பத்தைய முறைப்பாடு கீபோர்ட்டைப் பற்றி. மெக்கானிக்கல் கீபோர்ட், நீலச் சுவிட்ச். அது வேற எபிசோட்.

ஜிபியுவின்ர ஃபேன் சத்தம் பற்றி அடுத்த கிழமை கதைப்பம், கேம் விளையாடுற ஆக்களுக்கு அதுதான் பெரிய தலையிடி. அதுக்கிடையில ஆரும் கூலர் வாங்கப் போறீங்கள் என்றால், உங்கட கேஸின்ர பேரையும் புரொசெசரின்ர பேரையும் இந்த மெயிலுக்குப் பதிலாக அனுப்புங்கோ. உயரம் கொள்ளுமோ என்று பார்த்துச் சொல்லுறன்.