அளக்காமல் போட்ட பிஸ்டன்

மளிகை மொத்த வியாபாரிக்கும் மோட்டார் சைக்கிள் இன்ஜினுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நம்மில் ஐம்பதைத் தாண்டியவர்கள் பலரும் ஒரு காலத்தில் வசூலுக்குப் போனதும், ஆர்டர் எடுத்ததும் ஜப்பான் கூட்டில் வந்த நூறு சிசி வண்டிகளில்தான். அவற்றைப் பழுது பார்க்கப்போய் நான் வாங்கிய அடியை எழுதுகிறேன். நமது தொழிலுக்கும் அதில் பாடம் இருக்கிறது.

ஓசூர் தந்த வண்டிகள்

நமது கிருஷ்ணகிரி மாவட்டத்து ஓசூரில்தான் 1980-ல் டி.வி.எஸ். 50 மொபெட் பிறந்தது. 1984-ல் அதே ஊரிலிருந்து ஜப்பான் சுசூகியின் கூட்டில் ஏ.எக்ஸ். 100 வந்தது. 1993-ல் ஷோகன் வந்தது. 108 சிசிதான், ஆனால் 14 குதிரைத்திறன். வடக்கே எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹா கூட்டில் 1983-ல் ராஜ்தூத் 350-ஐயும், 1985-ல் ஆர்.எக்ஸ். 100-ஐயும் கொடுத்தது. பின்னதற்கு 11 குதிரைத்திறன். ஊத்தங்கரை கடைவீதியில் அதன் சத்தம் கேட்டாலே யார் வருகிறார்கள் என்று தெரிந்துவிடும்.

இவை எல்லாம் டூ ஸ்ட்ரோக் வண்டிகள். இந்த இன்ஜினின் ஹெட்டில் வால்வு கிடையாது. சிலிண்டர் சுவரில் உள்ள துவாரங்கள் வழியாகவே பெட்ரோல் கலவை உள்ளே வரும், புகை வெளியே போகும். எரியாத கலவையும் கொஞ்சம் புகையோடு போய்விடும். புகைக் கட்டுப்பாடு இறுக இறுக இவ்வகை மோட்டார் சைக்கிள்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஆர்.எக்ஸ். 100 உற்பத்தி 1996-ல் நின்றது. 2001-ல் சுசூகியும் டி.வி.எஸ்.ஸும் பிரிந்தன. யமஹாவில் அதே குடும்பத்து ஆர்.எக்ஸ். 135 அதன்பிறகும் சில ஆண்டுகள் வந்ததால் உதிரிப் பாகம் புழக்கத்தில் இருந்தது. ஷோகன் வைத்திருந்தவர்கள்தான் பழைய ஸ்டாக்கைத் தேடி அலைந்தார்கள்.

தேவை இருந்து சரக்கு குறைந்தால் சந்தையில் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியாததா? போலி வரும்.

நான் ஏமாந்த கதை

1998-ல் எனது ஆர்.எக்ஸ். 100 இழுவை குறைந்து, மேடு ஏறத் திணறியது. மெக்கானிக் பார்த்துவிட்டு, "பிஸ்டன், ரிங் மாத்தணும்" என்றார். பெங்களூருக்குச் சரக்கு எடுக்கப் போனபோது ஒரு கடையில் நானே வாங்கி வந்தேன். மற்ற கடையைவிட முந்நூறு ரூபாய் குறைவு. அட்டைப்பெட்டி அசல் மாதிரியே இருந்தது. ஊதுபத்திப் பாக்கெட்டில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் கண்டுபிடிப்பவன் நான். அன்று பெட்டியைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. பில்லும் கேட்கவில்லை. மெக்கானிக்கும் சிலிண்டரை அளக்காமல் பிஸ்டனை மாட்டிக் கொடுத்துவிட்டார்.

நான்காம் நாள் சாயங்காலம், வசூல் பையோடு கல்லாவியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். திடீரென்று இன்ஜின் பிடித்துக்கொண்டது. பின்சக்கரம் சுற்றாமல் இழுத்துக்கொண்டே போய் என்னைக் கீழே தள்ளியது. முழங்கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. சிதறிய நோட்டுகளைப் பொறுக்கிக் கொடுத்து, தன் கடையை அடைத்துவிட்டு என்னை வீட்டில் கொண்டுவந்து சேர்த்தவர் என்னிடம் சரக்கு எடுக்கும் ஒரு சிறு கடைக்காரர். அவருக்கு நான் இன்றும் கடன்பட்டவன். டூ ஸ்ட்ரோக் ஓட்டுகிறவர்கள் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். ஓடும்போது இன்ஜின் இறுகினால் உடனே கிளட்சைப் பிடிக்க வேண்டும். பிடித்தால் சக்கரம் விடுபடும். அன்று எனக்கு அது தெரியாது.

அளந்தவர் சொன்னது

பிறகு கிருஷ்ணகிரியில் லேத் வைத்திருந்த ஒரு பெரியவரிடம் சிலிண்டரைக் கொண்டுபோனேன். "எந்த சைஸ் பிஸ்டன் வாங்கி வரட்டும்?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "என்ன முதலாளி, உங்க கடையில எடை போடாமத்தான் பருப்பு கொடுப்பீங்களா?"

சிலிண்டரின் மேல், நடு, அடி என்று மூன்று இடத்தில், ஒவ்வோர் இடத்திலும் இரண்டு திசையில் அளந்தார். புதிதாக 50 மில்லிமீட்டர் வட்டமாக இருக்க வேண்டியது தேய்ந்து முட்டை வடிவமாகியிருந்தது. இதற்குத்தான் ஓவர்சைஸ் பிஸ்டன், கால் மில்லிமீட்டர் படியாக 50.25, 50.50, 50.75, 51 என்று வருகிறது. பிஸ்டனை முதலில் வாங்கி, அதை அளந்து, அதற்கேற்பத்தான் சிலிண்டரைக் குடைய வேண்டும். இரண்டுக்கும் நடுவே விடும் சந்து தலைமுடியைவிட மெல்லியது. அது குறைந்தால் சூட்டில் பிஸ்டன் விரிந்து இறுகும். கூடினால் தடதடவென்று சத்தம் வரும், இழுவை இருக்காது.

அதோடு அவர் விடவில்லை. கிராங்க் சீல் என்னும் ரப்பர் வளையம் காய்ந்திருப்பதைக் காட்டினார். அதன் வழியாகக் காற்று உள்ளே போய், கலவையில் பெட்ரோல் குறைந்து, சூடு ஏறியிருக்கிறது. பிஸ்டன் மட்டும் மாற்றினால் மறுபடியும் இதே கதி என்றார். ஆயில் டேங்கையும் திறந்து பார்த்தார். இந்த வண்டியில் பம்பு தானாக ஆயிலை ஊற்றும். ஆயில் தீர்ந்தாலும் வண்டி ஓடும், ஆனால் உள்ளே காய்ந்து போகும் என்று எச்சரித்தார். சீலை மாற்றி, 50.50-க்குக் குடைந்து, முதல் 500 கிலோமீட்டர் முறுக்காமல் ஓட்டச் சொன்னார். முந்நூறு ரூபாய் மிச்சம் பார்த்த எனக்கு ஆன செலவு அதைப்போலப் பல மடங்கு.

வேகம் கூட்டும் ஆசை

இப்போது இந்த வண்டிகளுக்கு லட்சக்கணக்கில் விலை சொல்கிறார்கள். என் தம்பி மகனும் அதை "ட்யூன்" செய்யக் கேட்டான். சிலிண்டர் துவாரத்தை உயர்த்துவது, ஹெட்டைச் சீவுவது, பெரிய கார்புரேட்டர், வேறு சைலன்ஸர் என்று பட்டியல் வைத்தான். பந்தயத் தளத்தில் ஓடும் வண்டிக்கு அது சரி. சாலையிலோ, துவாரத்தை உயர்த்தினால் உச்ச வேகத்தில் திறன் கூடும், மெதுவாகப் போகையில் இழுவை போய்விடும். காற்று கூடி ஜெட் அதற்கேற்ப மாறாவிட்டால் பிஸ்டன் தலையில் ஓட்டை விழும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, தயாரித்தவர் கொடுத்த விவரம் மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது. 2019 திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். அவனிடம் என் முழங்கையைக் காட்டினேன். அதற்கு மேல் கேட்கவில்லை.

பழைய வண்டி வைத்திருக்கும் நண்பர்களுக்கு என் வேண்டுகோள்: உதிரிப் பாகத்துக்குப் பில் வாங்குங்கள். லேத்தில் அளந்த அளவைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். கிராங்க் சீலையும் ஆயில் பம்பையும் பார்க்காமல் பிஸ்டனில் கை வைக்க விடாதீர்கள். அந்தப் பெரியவர் 50.50 என்று எழுதிக் கொடுத்த சீட்டு என் பழைய பேரேட்டில் இருக்கிறது. வண்டி குடோனில் நிற்கிறது, இரண்டாவது உதையில் கிளம்புகிறது. இன்னும் இரண்டு ஓவர்சைஸ் பாக்கி.