நூல் தரும் வரியும் நூல் குறைக்கும் வரியும்

வடமதுரையில் வீட்டு வரி 1,000 ரூபாய் என்றால், அதனுடன் நூலக வரி 100 ரூபாய் சேரும். 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின் வழி வந்த ஏற்பாடு இது. இந்த வரி நூலகத்தை வளர்க்கிறது. நூல்களைக் குறைக்கும் வரியும் உண்டு. எப்படி?

உள்நாட்டுப் பதிப்புத் தொழிலை ஊக்குவிக்கவென்று, 2019 ஜூலையில் மைய அரசு இறக்குமதி நூல்களுக்கு 5 விழுக்காடு சுங்க வரி விதித்தது. ஒரு கல்லூரி நூலகத்தின் ஒதுக்கீடு 1,00,000 ரூபாய், அயல்நாட்டு நூலொன்றின் விலை 1,000 ரூபாய் எனக் கொள்வோம். வரியின்றி 100 நூல்கள் வாங்கலாம். வரியுடன் விலை 1,050. எனவே 95 நூல்களே கிடைக்கும்.

உயர்நிலை மருத்துவ, இயற்பியல் நூல்கள் பலவற்றுக்கு உள்நாட்டில் மாற்று இல்லை. நூல்களுக்குச் சுங்க வரி கூடாதென யுனெஸ்கோவின் 1950ஆம் ஆண்டுப் புளோரன்ஸ் உடன்படிக்கை கூறுகிறது. சொந்தமாக வாங்க இயலாத மாணவருக்கு, வராமற்போன அந்த ஐந்தில் ஒன்றே தேவையாக இருக்கலாம்!