சிரட்டைத் தணலில் மாரியின் மணம்

கார்த்திகை மாதத்துப் பின்னேரங்களில் யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் ஐந்து மணிக்கே இருட்டிக்கொண்டு வரும். மழை விட்ட கையோடு, பூவரசம் வேலிகளுக்கு அப்பால், வீட்டுக்கு வீடு நூல்போலப் புகை எழும். எங்கள் வீட்டில் அம்மா விறாந்தை முனையில் குந்தியிருந்து சிரட்டைத் தணலை விசிறுவார். தணல் சிவந்து கனலும்போது சாம்பிராணியைத் தொட விடமாட்டார். "பொறு பிள்ளை, நீறு பூக்கட்டும்" என்பார். செந்தணலில் போட்டால் பிசின் கருகிக் கண்ணை எரிக்கும். மேலே சாம்பல் வெள்ளையாகப் படர்ந்த பிறகு ஒரு சிட்டிகை தூவினால், மெல்ல உருகிப் பால்நிறப் புகையாக எழும். அந்தப் பொறுமைதான் மாரி காலத்து வாசனையின் முதல் பாடம்.

எங்கள் குளிர்காலம் உறைபனியின் காலமல்ல, ஈரத்தின் காலம். யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு ஆண்டில் கிடைக்கும் மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டிவிடும். செம்மண் முற்றம் குழைந்து கிடக்கும். கொடியில் போட்ட உடுப்பு இரண்டு நாளாகியும் காயாது. அலுமாரியைத் திறந்தால் பூஞ்சண வாடை முகத்தில் அடிக்கும். இந்த வாடையை மூடி மறைக்கத்தான் இன்று கடைகளில் வாசனைப் போத்தல்கள் வரிசையாக நிற்கின்றன. ஆனால் நம் வீடுகளின் பழைய முறைக்கு மறைக்கும் நோக்கமே இல்லை. முதலில் கூட்டிக் கழுவி, காற்றும் வெயிலும் உள்ளே வரவிட்டு, அதன்பிறகே தூபம் போட்டார்கள். மணம் என்பது அந்த வேலை முடிந்ததற்கு அடையாளம்.

நக்கீரர் கண்ட கூதிர்

இந்த வழக்கம் நேற்று வந்ததல்ல. பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடை, 188 அடிகளில் கூதிர் என்னும் வாடைக்காற்றின் காலத்தைப் பாடுகிறது. அதில் நக்கீரர் காட்டும் நகர வீடுகளில் சந்தனக் கல் தேடுவாரற்றுக் கிடக்கிறது, குளிரில் சந்தனம் பூச யாருக்கும் மனமில்லை. பெண்கள் நெருப்பு மூட்டி, அகிற்கட்டையோடு கண்டசர்க்கரை சேர்த்துக் கூந்தலுக்குப் புகையூட்டுகிறார்கள். கோடைக்குக் குளிர்ந்த மணம், மாரிக்குச் சூடான மணம் என்று பருவம் பார்த்து வாசனையைப் பிரித்து வைத்த சமூகம் இது.

சாம்பிராணி நம் மண்ணில் விளைவதில்லை. சுமாத்திரா, லாவோஸ் காடுகளில் மரப்பட்டையைக் கீறி எடுக்கும் பிசின் அது. கற்பூரத்துக்கும் சாம்பிராணிக்கும் பேர்போன சுமாத்திராவின் பாருஸ் துறையருகே, 1088ஆம் ஆண்டில் தமிழ் வணிகக் கணமான ஐந்நூற்றுவர் பொறித்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. ஒரு சிட்டிகை தூளுக்குப் பின்னால் அத்தனை பழைய கடல்வழி இருக்கிறது.

வளவுக்குள் கிடைப்பவை

மழைக்கு முன்பே வெயிலில் காயவைத்த வேப்பிலை, நொச்சி இலை, தேசிக்காய்த் தோல் மூன்றையும் நொறுக்கி, இடித்த சாம்பிராணியோடு கலந்து போத்தலில் இறுக மூடி வைத்தால் ஒரு மாரிக்குப் போதும். தணலுக்குச் சிரட்டை, இல்லாவிட்டால் பனையின் ஊமற்கரி. அலுமாரிக்குப் புகை வேண்டாம். பழைய பருத்தித் துணியில் சிறு பை தைத்து, வெட்டிவேர், கறுவாப்பட்டை, பத்துக் கராம்பு, காய்ந்த வேப்பிலை போட்டு முடிந்து, சேலைகளுக்கிடையில் வைக்கலாம். மணம் குறையும்போது பையை வெயிலில் காட்டிக் கையால் கசக்கிவிட்டால் மீண்டும் எழும்.

சிரட்டைக்கு இன்னொரு கதையும் உண்டு. மழைத்தண்ணீர் நிறைந்து முற்றத்தில் கிடக்கும் சிரட்டையில்தான் டெங்கு நுளம்பு முட்டையிடுகிறது. அம்மா எங்களை வளவு முழுக்க அனுப்பிச் சிரட்டை பொறுக்குவிப்பார். தண்ணீரைக் கொட்டி, அடுப்படி ஓரம் அடுக்கிக் காயவைப்போம். நுளம்புக்கு வீடாக இருந்தது நுளம்பை விரட்டும் தணலாக மாறும். ஆனால் புகையை மட்டும் நம்பக்கூடாது. டெங்கு நுளம்பு பகலிலும் கடிக்கும், தண்ணீர் தேங்கவிடாமல் பார்ப்பதுதான் உண்மையான காவல். தூபம் போடும்போது யன்னல் திறந்திருக்க வேண்டும். முட்டு வருத்தம் உள்ளவர்களும் கைக்குழந்தைகளும் அந்த அறையில் இருக்கவே கூடாது.

கடல் கடந்த வீடுகளில் புகை பற்றிய இந்தக் கவனம் இன்னும் முக்கியம். ரொறன்ரோவின் தொடர்மாடியில் மார்கழி மாதத்தில் யன்னல் திறக்க முடியாது, சாம்பிராணி போட்டால் புகை எச்சரிக்கைக் கருவி அலறும். அங்கே தண்ணீர்தான் கைகொடுக்கும். சிறு சட்டியில் அரைவாசிக்குத் தண்ணீர், ஒரு தோடம்பழத் தோல், விரல் நீளக் கறுவாப்பட்டை இரண்டு, ஏழெட்டுக் கராம்பு. கொதித்ததும் அடுப்பைக் குறைத்து, வற்றவிடாமல் பார்த்துக்கொண்டால், ஒரு மணி நேரத்தில் வீடு முழுக்க அந்த மணம்தான்.

திரும்பி வந்த நாள்

1995 ஒக்டோபர் 30 இரவு, போருக்குத் தப்பி, கொட்டும் மழையில் எங்கள் வலிகாமம் பகுதியே இடம்பெயர்ந்தது. கோப்பாயிலிருந்து கைதடிக்குப் போகும் வீதியில் நாங்களும் நடந்தோம். அடுத்த சித்திரையில் திரும்பி வந்து கதவைத் திறந்தபோது வௌவால் எச்சமும் பூஞ்சணமும்தான் எங்களை வரவேற்றன. அம்மா ஒன்றும் பேசவில்லை. கூட்டினார், மஞ்சள் தண்ணீர் தெளித்தார், வளவில் ஒரு சிரட்டை தேடி எடுத்தார். சாம்பிராணி இல்லை. வேப்பிலையும் தேசிக்காய்த் தோலும் இருந்தன. நீறு பூக்கும்வரை காத்திருந்து, புகையை அறை அறையாகக் கொண்டுபோனார். அதுவரை முற்றத்திலேயே நின்ற அப்பா, உள்ளே வந்து சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார்.

இந்த மாரிக்கும் வளவில் சிரட்டைகள் கிடக்கும். தண்ணீரைக் கொட்டிவிட்டு இரண்டைக் காயவையுங்கள். தணல் நீறு பூக்கும்வரை பிள்ளைகளைப் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.