ஆறாவது கம்பி எதற்கு?

1961 அக்டோபர். லண்டனை ஒட்டிய டார்ட்ஃபர்ட் ரயில் நிலையத்தில் பதினேழு வயது கீத் ரிச்சர்ட்ஸ் தன் பால்ய சிநேகிதன் மிக் ஜாகரைப் பார்க்கிறார். ஜாகர் கையில் அமெரிக்கக் கலைஞர்கள் சக் பெரி, மடி வாட்டர்ஸ் இசைத்தட்டுகள். அன்றைய இங்கிலாந்தில் லேசில் கிடைக்காத சரக்கு. கீத்தின் கண் ஜாகர் மேல் இல்லை, தட்டுகள் மேல்தான். மறு வருடம் இருவரும் சேர்ந்த குழுவுக்குப் பெயரே மடி வாட்டர்ஸின் 1950-ம் ஆண்டுப் பாடலிலிருந்து வந்தது: ரோலிங் ஸ்டோன்ஸ்.

குழுவின் இன்னொரு கிதார்காரர் பிரையன் ஜோன்ஸ் ஒருநாள் ராபர்ட் ஜான்சனின் தட்டைப் போட்டுக் காட்டினார். "கூட வாசிக்கிறது யாரு?" என்றாராம் கீத். கூட யாருமில்லை. கட்டைவிரல் தடித்த கம்பிகளில் தாளத்தைப் பிடித்துக்கொள்ள, மற்ற விரல்கள் மெல்லிய கம்பிகளில் குரலுக்குப் பதில் சொல்கின்றன. ஒரே ஆள், இரண்டு கிதார். 1938-ல் 27 வயதில் இறந்த மிசிசிப்பி ப்ளூஸ்காரர் ஜான்சன்.

மிசிசிப்பி ப்ளூஸ்காரர்களிடம் இன்னொரு வழக்கம் உண்டு. எந்தக் கம்பியையும் அழுத்தாமல் மீட்டினாலே முழு கார்டு (இசைந்து சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) ஒலிக்கும்படி கிதாரைச் சுருதி சேர்ப்பார்கள். அறுபதுகளின் கடைசியில் அந்த 'ஓப்பன் ஜி' முறையைக் கையில் எடுத்த கீத், ஒருபடி மேலே போனார். அதில் ஆறாவது, அதாவது மிகத் தடித்த கம்பி 'டி'யில் நிற்கும். ஆதார சுரமான 'ஜி'க்குக் கீழே கிடந்து இடைஞ்சல் செய்யும். கழற்றியே விட்டார். மிச்சம் ஐந்து: ஜி, டி, ஜி, பி, டி. 1969-ல் வந்த 'ஹாங்கி டாங்க் விமன்', 1981-ன் 'ஸ்டார்ட் மி அப்' எல்லாம் இந்த ஐந்தில் பிறந்தவை. வழக்கமான ஆறு கம்பியில் வாசித்துப் பாருங்கள். சுரம் சரியாக இருக்கும், பாட்டு வராது. ராக் கிதார் என்றாலே விரல் ஓட்டம் என்று நம்புகிறவர்கள், கீத் எங்கெல்லாம் வாசிக்காமல் விடுகிறார் என்று கேட்க வேண்டும்.

ப்ளூஸ்காரர்களிடம் பட்ட கடனை ஸ்டோன்ஸ் ஒழுங்காக அடைத்தார்களா? பாதி. 1965-ல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியான 'ஷிண்டிக்'கில் ப்ளூஸ் பாடகர் ஹவுலின் வுல்ஃபையும் மேடையேற்ற வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து, அவர் பாடும்போது காலடியில் உட்கார்ந்து கேட்டார்கள். அதே குழு 1969-ல் ஜான்சனின் 'லவ் இன் வெய்ன்' பாடலைப் பதிவு செய்தபோது, தட்டில் அவர் பெயரைப் போடவில்லை. என்னைக் கேட்டால், அது அழியாத கறை.

2016-ல், கீத்தும் ஜாகரும் எழுபதைத் தாண்டிய வயதில், ஸ்டோன்ஸின் 'ப்ளூ அண்ட் லோன்சம்' ஆல்பம் வந்தது. பன்னிரண்டு பாடல்கள், பன்னிரண்டும் பழைய ப்ளூஸ். ஸ்டோன்ஸ் எழுதியது ஒன்றுகூட இல்லை.