நிழலை அளந்த சட்டம்

சுவரில் தொங்கும் நகரங்கள் – 7

ஓட்டல் நடைவழியிலும் வரவேற்பறையிலும் மன்ஹாட்டன் கோபுரங்களைக் கறுப்பு வெள்ளையில் பார்த்துப் பார்த்துச் சலித்தவர்கள் அவை அங்கே தொங்குவதற்குச் சொல்லும் காரணங்கள் இரண்டு: பழமை மோகம், சோபா எந்த நிறமானாலும் ஒத்துப்போகும் வசதி. இரண்டும் பொய்யில்லை. படம் விற்பவர் இரண்டாவதைத்தான் முதலில் சொல்வார். ஆனால் அதே வயதுடைய துறைமுகப் படங்களும் கடைத்தெருப் படங்களும் ஏராளமாக இருக்க, 1920களிலும் 30களிலும் எழுந்த இந்தக் கோபுரங்கள் மட்டும் ஏன் சுவரை விட்டு இறங்கவில்லை? அந்தக் கட்டடங்களின் வடிவமே வெளிச்சத்தையும் நிழலையும் கணக்கிட்டுப் பிறந்தது. அதனால்தான் நிறம் நீங்கிய பிறகும் அவை குறைபடுவதில்லை என்பது என் வாதம்.

1915இல் பிராட்வேயில் ஈக்விடபிள் கட்டடம் எழுந்தது. ஓர் ஏக்கருக்கும் சற்றுக் குறைந்த மனையில் சுமார் 12 லட்சம் சதுர அடி. தெருவோரத்திலிருந்து எங்கும் உள்வாங்காமல் செங்குத்தாக ஏறிய அதன் நிழல் சுற்றிலும் உள்ள கட்டடங்களை மூடியது. மின்விளக்கு மங்கலாக இருந்த காலம். ஜன்னல் வெளிச்சம் எட்டாத அறைக்கு வாடகை தேறாது. முன்பே நடந்துகொண்டிருந்த விவாதத்தை இது சூடாக்க, மறு ஆண்டே நகர நிர்வாகம் சட்டம் போட்டது. தெருவின் அகலத்துக்கு ஏற்ற ஓர் உயரம்வரை சுவர் நேராக எழலாம். அதற்குமேல் படிப்படியாகப் பின்வாங்க வேண்டும். மனையின் கால் பங்குப் பரப்பில் மட்டும் எவ்வளவு உயரமும் போகலாம். கிரைஸ்லர் (1930), எம்பயர் ஸ்டேட் (1931) இரண்டின் படிக்கட்டு உருவமும் இந்த விதியின் பிள்ளை. இந்தச் சட்டம் எத்தகைய உருவங்களை அனுமதிக்கும் என்று 1922இலேயே ஹ்யூ ஃபெரிஸ் கறுப்பு வெள்ளையில் வரைந்து காட்டினார். இருட்டுப் பிழம்பைச் சீவிச் சீவிக் கட்டடம் வெளிப்படுவது போன்ற ஓவியங்கள். கோபுரங்கள் எழும் முன்பே அவற்றின் கறுப்பு வெள்ளை தயாராகிவிட்டது.

அன்று கலர் ஃபிலிம் எங்கே இருந்தது, வேறு வழியில்லாமல்தானே அப்படி எடுத்தார்கள் என்று கேட்கலாம். சரிதான், கோடக்குரோம் புழக்கத்துக்கு வந்ததே 30களின் நடுவில். ஆனால் வேறு வழியில்லாமல் எடுத்த படங்கள் எல்லாமே இப்படிப் பொருந்திவிடவில்லையே. இன்னொரு மறுப்பு இதைவிடக் கூர்மையானது: இன்றும் சுவர்களில் அதிகம் காணும் படங்களில் ஒன்றான பெரனிஸ் ஆபட்டின் 1932ஆம் ஆண்டு இரவுக் காட்சியில் வெயிலும் இல்லை, நிழலும் இல்லை. ஆனால் அந்தப் படத்தை எடுக்க அவர் பார்த்த கணக்கைக் கவனியுங்கள். ஊழியர்கள் ஐந்து மணிக்கு விளக்கணைத்துப் போவதற்குள் இருட்டியிருக்க வேண்டும். அது டிசம்பரில், பகல் மிகக் குறுகிய நாட்களில் மட்டுமே நடக்கும். உயரத்திலிருந்து 15 நிமிடம் லென்ஸைத் திறந்து வைத்தார். பகலில் வெளிச்சம் வாங்கக் கட்டிய ஜன்னல்கள் அங்கே வெளிச்சம் தருகின்றன. கட்டடத்தின் உருவத்தை வரைவது அதே ஜன்னல்கள்தாம்.

நிறத்தால் வாழும் கட்டடங்களும் அக்காலத்திலேயே உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ரேமண்ட் ஹுட்டின் மெக்ரா-ஹில் கட்டடம் (1931) நீலப்பச்சைச் சுடுமண் ஓடு போர்த்தது. கறுப்பு வெள்ளையில் அதன் உயிரே போய்விடும். எம்பயர் ஸ்டேட்டின் வெளிர்ச் சுண்ணாம்புக்கல்லுக்கு அந்த இழப்பு இல்லை.

என் வாதம் தோற்கும் இடம் கண்ணாடிக் கோபுரம். போருக்குப் பின் குழல்விளக்கும் ஏசியும் வந்து ஜன்னலின் தேவையைக் குறைத்தன. 1961இல் சட்டமும் மாறியது. கண்ணாடிச் சுவரில் நிழல் தங்குவதில்லை, வானம்தான் பிரதிபலிக்கிறது. அதனால் இன்றைய படக்காரர் சிவப்பு ஃபில்டர் போட்டு வானத்தைக் கறுப்பாக்குகிறார், மேகத்தை இழுத்துவிடுகிறார். கட்டடம் தராத நாடகத்தை வெளியிலிருந்து கொண்டுவருகிறார். விலக்கு ஒன்று உண்டு: மீஸ் வான் டெர் ரோவின் சீக்ரம் கட்டடம் (1958). மனையின் கால் பங்கில் மட்டும் எழுந்ததால் படிப்படியாக உள்வாங்க வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. மீஸ் அதன் கண்ணாடிக்கு வெளியே, எடை எதையும் தாங்காத வெண்கலச் சட்டங்களை நெடுக ஒட்டவைத்தார். எஸ்ரா ஸ்டோலரின் கறுப்பு வெள்ளைப் படங்களுக்குப் பிடிமானம் அந்தச் சட்டங்கள் போடும் மெல்லிய நிழல்கோடுகள்தாம்.