ஏரிப்பாசனத்தில் நீர்க்கட்டியின் பணி: பாலாற்றுப் படுகையை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

சவ்வாது மலையில் தோன்றும் உத்தரகாவேரி, ஒடுகத்தூரைக் கடந்து பாலாற்றில் கலக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் இவ்வாறுகளின் சிலநாள் வெள்ளத்தை ஏரிகளில் தேக்கி, மாதக்கணக்கில் பகிர்ந்துகொள்வது இப்படுகையின் வேளாண் மரபு. அப்பகிர்வைக் கையாண்டவர் நீர்க்கட்டி. நீர்ப்பாய்ச்சி, கம்புகட்டி, மடையன் எனத் தமிழக வட்டாரங்களில் பெயர் வேறுபடினும் பணி ஒன்றே. மடை திறக்கும் உடலுழைப்பாக மட்டும் கருதப்படும் இப்பணி, பற்றாக்குறையைப் பங்கிடும் நடுவர் பொறுப்பாகவும் இருந்ததை இக்கட்டுரை விளக்குகிறது.

மடையின் இயக்கம்

பழைய ஏரிகளில் கரையின் உட்புறம், நீருக்குள் இரு கற்றூண்கள் நிற்கும். அவற்றை இணைக்கும் குறுக்குக் கற்பலகைகளின் துளை வழியே ஒரு கம்பு இறங்கும். அதன் அடிமுனையிலுள்ள அடைப்பு, கரைக்கடியில் செல்லும் நீர்வழியின் வாயை மூடியிருக்கும். ஏரி நிறைந்திருக்கையில் நீரழுத்தம் மிகுதியாதலால் கம்பைச் சிறிதே உயர்த்தினால் போதும். நீர்மட்டம் தாழத்தாழ மேலும் உயர்த்த வேண்டும். அடைப்பு சேற்றில் இறுகினால் மூழ்கி விடுவிக்க வேண்டும். திறந்த வாயின் இழுவிசையில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து.

பங்கீடும் கூலியும்

நீர் குறைந்த ஆண்டில் முறைப்பாசனம் தொடங்கும். எவ்வயலுக்கு எந்நாளில் எவ்வளவு நேரம் என்பதை ஊர் முடிவுசெய்யும், நீர்க்கட்டி நிறைவேற்றுவார். உழவர் தாமே மடையை வெட்டிக்கொள்ளலாகாது என்பதே இம்முறையின் உயிர்நாடி. அறுவடைக் களத்தில் ஆயக்கட்டு உழவர்கள் அளக்கும் நெல் அவருக்குக் கூலி. கடைமடை விளையாவிடில் கூலியும் குறையும். எனவே நடுவுநிலைமை அவருக்கு அறமாக மட்டுமன்றி வாழ்வாதாரமாகவும் அமைந்தது. எனினும், பல ஊர்களில் இப்பணியாளர் நிலமற்ற ஒடுக்கப்பட்ட சாதியினரே. பிறர் வயலுக்கு நீர் பங்கிட்ட கைக்கு அந்நீரில் பங்கில்லை என்னும் முரணையும் சேர்த்தே இம்மரபை மதிப்பிட வேண்டும்.

சிதைவின் காரணங்கள்

ஏரிப் பராமரிப்புக்குத் தனி வாரியம் இருந்தமையை முதலாம் பராந்தகனின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) காட்டுகின்றன. இத்தகைய கூட்டுப் பொறுப்பை இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மின்மோட்டார்க் கிணறுகள் தளர்த்தின. சொந்தக் கிணறுடையவர் மடையைச் சார்ந்திருக்கத் தேவையில்லை. மடையைச் சாராதவர் நெல்லளக்கவும் முன்வருவதில்லை. ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் தோல் பதனிடும் ஆலைக்கழிவு மற்றொரு காரணம். தோல் ஆலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியிழந்ததை 1996ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு சுட்டியது. நீர்க்கட்டியின் திறன் நீரின் அளவை ஆள்வது. கெட்டுவிட்ட நீரின் தன்மையை அத்திறன் மாற்றாது.

முடிவுரை

பாசன மேலாண்மையில் உழவர் பங்கேற்புக்கென 2000ஆம் ஆண்டில் தமிழக அரசு சட்டமியற்றியது. 2017இல் குடிமராமத்து மீண்டும் தொடங்கப்பட்டுக் கரைகளும் மதகுகளும் சீரமைக்கப்பட்டன. சீரமைத்த மதகை யார், எவருடைய ஒப்புதலுடன், எக்கூலிக்குத் திறப்பது என்பதும் வரையறுக்கப்பட்டாலன்றிக் கடைமடைக்கு நீர் உறுதியாகாது. எனவே, எஞ்சியுள்ள முதிய நீர்க்கட்டிகளின் அளவுமுறைகளையும் தொழிற்சொற்களையும் கள ஆய்வின்வழித் தொகுப்பது மொழியாய்வுக்கும் பாசனக் கொள்கைக்கும் ஒருசேரப் பயன்தரும்.