கெரான் இன்னும் அப்பா பெயரில்

ஜொகூரின் குளுவாங் மாவட்டத்தில், வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் போகிறவர்கள் பலகையில் பெயரைப் பார்த்துவிட்டுக் கடந்துபோகும் சிறுநகரம் சிம்பாங் ரெங்கம். சுற்றிலும் செம்பனையும் அன்னாசியும். ஒரு காலத்தில் ரப்பர். தோட்டத்துத் தமிழ்க் குடும்பங்களின் சொத்துக் கதை நாடெங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். தாத்தா லயத்தில் வாழ்ந்தார். அந்த வீடு நிர்வாகத்துடையது. வேலை போனால் வீடும் போகும். அப்பா காலத்தில்தான் ஊழியர் சேமநிதியில் கொஞ்சம் எடுத்து, வங்கிக் கடன் போட்டு, தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதியில் வீடு ஒன்று வந்தது. குடும்பத்துக்கு முதல் சொத்து.

அப்பா போய்ப் பத்து வருடம் ஆன பிறகும் வீட்டின் உரிமைப் பத்திரமான கெரான் அவர் பெயரிலேயே இருப்பதுதான் பல வீடுகளின் நிலை. விற்க முடியாது, அடகு வைக்க முடியாது, பிள்ளைகள் பெயருக்கு மாற்றவும் முடியாது. உயில் என்றால் பணக்காரர் சமாச்சாரம் என்ற எண்ணம்தான் இதற்குப் பெருங்காரணம். பத்து வீடு உள்ளவருக்கு ஒன்று முடங்கினால் ஒன்பது மிஞ்சும். ஒரே வீட்டுக்காரருக்கு எல்லாமே முடங்கும்.

மலேசியத் தமிழர்கள் சொத்துக்காகக் காகிதத்தை நம்பிய பெரிய கதை ஒன்று உண்டு. வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் நிலத்தைத் துண்டு போட்டு விற்றுவிட்டுப் போன காலத்தில், அன்று அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரம் வெட்டிய கைகள் மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்கு வாங்கின. மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் கைக்கு வந்தது. அந்தப் பங்குச் சான்றிதழை டிரங்குப் பெட்டியில் பத்திரப்படுத்திய தலைமுறை ஏறக்குறைய போய்விட்டது. பங்கு பேரனிடம் தானாக நடந்து வராது. வாரிசு யார் என்று எழுதி வைத்திருக்க வேண்டும், அல்லது சட்டம் சொல்லும் வழியில் கேட்டுப் பெற வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? முஸ்லிம் அல்லாத ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், தீபகற்ப மலேசியாவில் 1958ஆம் ஆண்டின் சொத்துப் பகிர்வுச் சட்டம் பங்கு பிரிக்கிறது. ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். கடன் தீர்ந்த வீட்டின் மதிப்பு 2,40,000 ரிங்கிட். இறந்தவருக்கு மனைவி, மூன்று பிள்ளைகள், வயதான அம்மா. மனைவிக்குக் கால் பங்கு, 60,000. அம்மாவுக்கும் கால் பங்கு, 60,000. மீதிப் பாதி பிள்ளைகளுக்கு, ஆளுக்கு 40,000. பெற்றோர் இருவரும் முன்பே போயிருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு.

'எல்லாம் அம்மாவுக்குத்தானே' என்று நினைத்திருந்த பிள்ளைகளுக்கு இது முதல் அதிர்ச்சி. அடுத்தது பாட்டி இறந்த பிறகு வருகிறது. அவருடைய கால் பங்கு அவருடைய மற்ற பிள்ளைகளுக்கும், அதாவது சித்தப்பா, பெரியப்பா, அத்தைகளுக்கும், போய்ச் சேரும். வீட்டுக்குள் குடியிருப்பது ஒரு குடும்பம். கையெழுத்துப் போட வேண்டியவர்களோ பத்துப் பேர். பிள்ளைகளில் ஒருவர் பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்தால் சிக்கல் இன்னும் கூடும்.

கணவன் மனைவி இருவர் பெயரிலும் வீடு இருந்தால் கவலை இல்லை என்று நம்புகிறவர்களும் உண்டு. பக்கத்துச் சிங்கப்பூரில் கூட்டு உரிமையில் வாங்கிய வீடு, ஒருவர் போனால் மற்றவருக்கு முழுதாகப் போய்விடும். இங்கே தேசிய நிலச் சட்டத்தில் அப்படி ஒரு வழியே இல்லை. கெரானில் இரண்டு பெயர் என்றால் இரண்டு தனிப் பங்குகள். கணவர் இறந்தால் அவருடைய பாதி மேலே சொன்ன கணக்குக்குள் போய் விழும்.

இதையெல்லாம் விடக் கொடுமையானது கோயிலில் தாலி கட்டியதோடு நின்றுபோன திருமணங்கள். 1982 மார்ச் 1 முதல், முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணம் பதிவாக வேண்டும் என்பது சட்டம். நாற்பது ஆண்டு கடந்தும் பதிவு செய்யாத தம்பதிகள் இருக்கிறார்கள். ஊருக்கு முன்னால் அவர் மனைவிதான். பங்கு கேட்டுப் போகும்போது திருமணச் சான்றிதழைக் காட்டச் சொல்வார்கள். பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். பகிர்வுச் சட்டம் 'பிள்ளை' என்று ஏற்பது சட்டப்படியான திருமணத்தில் பிறந்தவர்களை. வளர்ப்புப் பிள்ளைக்கும் இதே இடிதான். 1952ஆம் ஆண்டின் தத்தெடுப்புச் சட்டப்படி நீதிமன்ற உத்தரவு பெற்ற பிள்ளைக்குச் சொந்தப் பிள்ளையின் உரிமை உண்டு. தேசியப் பதிவிலாகாவில் வளர்ப்புப் பிள்ளை என்று பதிந்தது மட்டும் போதாது. பங்கு தானாக வராது.

உயிலின் பலம் தெரிவது இந்த இடத்தில்தான். பதிவாகாத மனைவிக்கும், வளர்த்த பிள்ளைக்கும், கடைசிக் காலத்தில் கஞ்சி வைத்துக் கொடுத்த தங்கைக்கும் பெயர் சொல்லி எழுதலாம். 1959ஆம் ஆண்டின் உயில் சட்டம் கேட்பது அதிகமில்லை. எழுதுபவருக்குப் பதினெட்டு வயது ஆகியிருக்க வேண்டும், தெளிந்த மனம் வேண்டும், எழுத்தில் இருக்க வேண்டும், இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் உடனிருக்கக் கையெழுத்திட வேண்டும். சாட்சி போடுபவருக்கோ அவருடைய கணவன் அல்லது மனைவிக்கோ உயிலில் எழுதிய பங்கு கிடைக்காது. வீட்டிலேயே எழுதி மருமகனைச் சாட்சிக்கு நிறுத்தினால் மகளின் பங்குக்கே ஆபத்து. உயில் எழுதிய பிறகு திருமணம் செய்தால், அந்தத் திருமணத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டிருந்தாலொழிய, பழைய உயில் செல்லாது. மலாயும் ஆங்கிலமும் படிக்கத் தெரியாத பெரியவர் என்றால், உள்ளடக்கம் தமிழில் வாசித்து விளக்கப்பட்டது என்ற குறிப்பு உயிலிலேயே இருக்கட்டும். பிற்பாடு 'அவருக்குப் புரியவே இல்லை' என்று கிளம்பும் வழக்கை அந்த ஒரு வரி தடுக்கும்.

தமிழ் முஸ்லிம் குடும்பங்களுக்கு வழி வேறு. அங்கே ஃபராயித் எனும் இஸ்லாமிய வாரிசுப் பங்கீடு. வாரிசு அல்லாதவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு வரைதான் எழுதி வைக்கலாம்.

சேமநிதி இன்னொரு கதை. அதற்கு உயிலை விட அங்கே கொடுத்த நியமனப் படிவமே முக்கியம். முஸ்லிம் அல்லாதவர் குறிப்பிட்ட ஆளுக்குப் பணம் நேராகப் போகும். கல்யாணத்துக்கு முன் அண்ணன் பெயரைப் போட்டுவிட்டு மறந்தவர்கள் எத்தனை பேரோ.

'பவர்' (அதிகாரப் பத்திரம்) எழுதிக் கொடுத்தாச்சு என்று நிம்மதியாக இருப்பதுதான் மிகப் பரவலான தவறு. அப்பா மூத்த மகனுக்குப் பவர் கொடுக்கிறார். 1949ஆம் ஆண்டின் அதிகாரப் பத்திரச் சட்டப்படி வழக்கறிஞர் போன்ற ஒருவர் முன் கையெழுத்தாகி, உண்மை நகல் உயர் நீதிமன்றப் பதிவகத்தில் சேர்ந்த பிறகே அது செல்லும். எல்லாம் சரியாகச் செய்திருந்தாலும், சாதாரணப் பவர் அப்பாவின் உயிரோடு முடிகிறது. பணம் பெற்றுக்கொண்டு மாற்ற முடியாதபடி எழுதியவை விலக்கு. அப்பாவுக்கு நினைவு தப்பினாலும் பவர் விழுந்துவிடும். அது மிகவும் தேவைப்படும் நேரமே அதுதான். சிங்கப்பூரில் 2010 முதல் மனத்திறன் போன பின்னும் நீடிக்கும் அதிகாரப் பத்திரம் இருக்கிறது. மலேசியாவில் அதற்கு இணையான சட்டம் இல்லை. 2001ஆம் ஆண்டின் மனநலச் சட்டத்தின் கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் போய், சொத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் நியமிக்கக் கேட்க வேண்டும். மறதி நோயோடு போராடும் வீட்டுக்கு இது எவ்வளவு பெரிய சுமை! நாடாளுமன்றம் உடனே கவனிக்க வேண்டிய குறை இது.

சரி, அப்பா எதுவும் எழுதாமலே போய்விட்டார். எங்கே போவது? வீடோ நிலமோ உள்ள சொத்தின் மொத்த மதிப்பு ஐம்பது லட்சம் ரிங்கிட்டுக்கு உட்பட்டதாக இருந்தால் அது 'சிறு சொத்து'. 2024 ஜூலை வரை இந்த வரம்பு இருபது லட்சமாக இருந்தது. நிலத்துறையின் சிறு சொத்துப் பகிர்வுப் பிரிவில் படிவம் 'ஏ' கொடுத்தால் விசாரணைக்கு அழைப்பார்கள். வாரிசுகள் நேரில் வரலாம், வர முடியாதவர்கள் சம்மதம் எழுதிக் கொடுக்கலாம். இதற்கு வழக்கறிஞர் கட்டாயமில்லை. வீடு நிலம் இல்லாமல் வங்கிப் பணம், வாகனம் போன்றவை மட்டும் ஆறு லட்சம் ரிங்கிட்டுக்குள் இருந்தால் அமானா ராயா என்ற அரசு அறங்காவல் நிறுவனத்தை அணுகலாம். உயில் இருந்தால் பொதுவாக உயர் நீதிமன்ற வழி. ஜொகூரில் அது ஜொகூர்பாருவிலும் மூவாரிலும் இருக்கிறது. வருமானம் குறைந்தவர்கள் சட்ட உதவித் துறையை நாடலாம். வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையமும் உண்டு. சிங்கப்பூர் வங்கியில் பணம் வைத்துவிட்டு இறந்தவர்களின் குடும்பம், மலேசிய நீதிமன்ற ஆணையை அங்கே மறுமுத்திரை பெற்றுப் பயன்படுத்த முடியும்.

படிப்பும் பதவியும் இருந்தால் இந்தத் தவறு நேராது என்பதும் இல்லை. ஆறு முறை தமிழ்நாட்டு முதல்வராகப் பதவியேற்ற ஜெயலலிதா 2016 டிசம்பர் 5 அன்று இறந்தார், உயில் இல்லை. அண்ணன் பிள்ளைகள் தீபாவும் தீபக்கும் வாரிசுகள் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது 2020 மே மாதம். அவருடைய வீடான வேதா நிலையத்தின் சாவி அவர்கள் கைக்கு வர 2021 டிசம்பர் ஆனது. ஐந்து ஆண்டு வழக்கு நடத்தும் வசதி செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவர் வீட்டில் இல்லை.

அப்பாவும் அம்மாவும் தெளிவாகப் பேசும் நிலையில் இருந்தால், வரும் ஞாயிற்றுக்கிழமை அவர்களோடு உட்காருங்கள். திருமணச் சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தேசியப் பதிவிலாகாவில் விசாரியுங்கள். சேமநிதியில் யார் பெயர் இருக்கிறது என்று கேளுங்கள். உயில் எழுத வழக்கறிஞரிடம் போகும்போது கட்டணத்தையும், மூலப் பத்திரம் யாரிடம் இருக்கும் என்பதையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கையெழுத்தான பிறகு, உயில் எங்கே இருக்கிறது என்பதை அதை நிறைவேற்றப் போகிறவருக்குச் சொல்லிவிடுங்கள்.